அண்ணன் முற்றுகையிட்ட மழைக்காலம்

ஜப்பான்காரர்களின் கோட்டைச் சண்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் நின்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொருத்தியின் வாயசைவுக்குப் பேசியதில் தெரிந்துகொண்டதுதான். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஆனால் ஒரு கோட்டையை எப்படிப் பிடிப்பார்கள் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நன்றாகவே சொல்லுவேன். பாதியை டப்பிங் தியேட்டரில் பார்த்தேன். மீதியைத் திருவொற்றியூரில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன்.

நான் குரல் கொடுக்கிறவள். பெரிய நடிகைகளுக்கெல்லாம் இல்லை, ரொம்ப வருஷமாகக் கும்பல் குரல்தான். சந்தையில் கத்துகிற பெண்கள், சாவு வீட்டில் அழுகிற பெண்கள், போலீஸ் வண்டிக்குப் பின்னால் மாரடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். மெட்ராஸ் பாஷை பேசுகிற மீன்காரி கதையில் வந்துவிட்டால் உடனே போன் வரும். நான் பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம், இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு சீமாட்டி வேஷம் வந்தது. முன்னொரு காலத்தில் ஜப்பான் நாடே துண்டு துண்டாகி, ஆளுக்கொரு கோட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்டார்களே, அந்தக் காலத்துக் கதை. தொடராக எடுத்திருந்தார்கள், அதைத் தமிழுக்கு மாற்றினார்கள். சீமாட்டியின் அண்ணன் பெரிய படைத்தலைவன். நட்பு நிலைக்கட்டும் என்று தங்கையைப் பக்கத்து நாட்டுத் தலைவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். நட்பு நிலைக்கவில்லை. புருஷன் வேறொரு பழைய சிநேகிதன் பக்கம் சாய்ந்துவிடுகிறான். அண்ணன் படையோடு வந்து தங்கை புருஷனின் கோட்டையைச் சுற்றி வளைக்கிறான். உள்ளே இவள், மூன்று பெண் குழந்தைகளோடு.

டப்பிங் டைரக்டர் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல நான் அவர் முகத்தையே பார்த்தேன். மனிதர் யாரிடமாவது என் வீட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்றுகூட நினைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது, அழுது முடித்தவள் பேசுகிற மாதிரி இருக்கிறது, அதற்காகத்தான் கூப்பிட்டேன் என்றார். ராயபுரத்துப் பேச்சு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டு விஷயம் இதுதான். என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் சின்ன வயசிலிருந்து தோஸ்துகள். ராயபுரத்தில் ஒரே தெரு. துறைமுகத்துக்கு ஓடுகிற ட்ரெய்லர் லாரிகளில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய ட்ரெய்லரை வாங்கினார்கள். அது ஓடிய நாட்களைவிட ரிப்பேருக்கு நின்ற நாட்கள்தான் அதிகம். அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன்தான் என்னை அவருக்குக் கட்டிவைத்தான். இவனைவிட நல்லவனை எனக்குத் தெரியாது என்று அம்மாவிடம் சொன்னான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கும் அவரைப் பிடிக்கும்.

கன்டெய்னர் தூக்குகிற தொழிலில் டர்ன் என்று ஒரு முறை உண்டு. எந்த வண்டி முதலில் வந்து வரிசையில் நின்றதோ, அதற்குத்தான் முதல் லோடு. கம்பெனிக்காரர் தனக்கு வேண்டியவனாகப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுக்க முடியாது. நூறு வண்டி வைத்திருப்பவனும் ஒரு வண்டிக்காரனும் அந்த வரிசையில் ஒன்றுதான். இந்த முறை வேண்டும் என்று ஒரு காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் எண்ணூர் ரோட்டில் கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்தார்கள். அதிலிருந்துதான் வண்டிக்காரர்கள் சங்கமே உருவானது. அண்ணன் தலைவரானான். கூட்டத்தில் அவன் பக்கத்து நாற்காலி எப்போதும் இவருக்குத்தான்.

இந்தச் சீமாட்டி வேஷம் வந்த வருஷம், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மணலிப் பக்கம் புதிதாக வந்த ஒரு குடோன்காரர் இவரை நேராகக் கூப்பிட்டு லோடு கொடுத்தார். இவர் டர்னில் நிற்காமல் போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு தடவையோடு நிற்கவில்லை, திரும்பவும் போனார். ஏன் செய்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பேராசை பிடித்தவர் இல்லை. டர்ன் என்கிற முறையைக் கொண்டுவந்ததே நாம்தானே, நம்மை யார் கேட்பார்கள் என்ற நினைப்புத்தான் என்று தோன்றுகிறது. தன் கையால் போட்ட வேலி தன் காலைக் குத்தாது என்று நம்பிவிட்டார்.

அண்ணன் முதலில் ஆள் விட்டுச் சொன்னான். பிறகு போனில் சொன்னான். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், அதோடு முடிந்துபோகும் என்றான். இவருக்கு அதுதான் முடியவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் நேற்று வந்தவர்கள், அவர்கள் முன்னால் நான் கைகட்டி நிற்பதா என்றார். மச்சான் வீட்டுக்கு வரட்டும், அவர் காலிலேயே விழுகிறேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, சங்கத்தில் மட்டும் முடியாது என்றார். ஆனால் வீட்டில் கேட்கிற மன்னிப்பை வைத்துக்கொண்டு அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. உன் மச்சானுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்கள், நாளைக்கு ஆளாளுக்கு டர்னை விட்டு ஓடுவார்கள் என்றான். இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தராவது தப்பாகப் பேசியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இவர் தனியாக வாங்கியிருந்த வண்டிகள் நிற்கிற யார்டு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம். வீட்டுக்கும் யார்டுக்கும் சேர்த்து ஒரே வாய்தான். அது ஒரு சந்தில் திறக்கும், சந்து போய் எண்ணூர் ரோட்டில் சேரும். ஒரு நாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். யார்டு வாய்க்குக் குறுக்கே இரண்டு ட்ரெய்லர்கள், ஒன்றின் வாலோடு இன்னொன்றின் மூக்கு ஒட்டியபடி நின்றன. டயரிலிருந்த காற்றையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆள் நடந்து போக ஒரு இடுக்கு விட்டிருந்தார்கள், வண்டி போக வழியில்லை. எங்கள் வண்டிகள் எல்லாம் உள்ளே. இவர் கீழே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த இரண்டு ட்ரெய்லர்களையும் ஏதோ விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து டீ கேட்டார்.

அதன் பிறகு என் நாட்கள் இப்படிப் போயின. காலையில் ஒரு முற்றுகையிலிருந்து கிளம்பி மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாறி, வடபழனியில் இறங்கி இன்னொரு முற்றுகைக்குள் போவேன். சாயங்காலம் திரும்பி வந்தால் பழைய முற்றுகை அப்படியே இருக்கும்.

கோட்டை என்றால் ஏணி வைத்து ஏறுவார்கள், கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள், அம்பு பறக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் கடைசி வேலை என்றார் டைரக்டர். முதலில் வழியைத்தான் மறிப்பார்களாம். அரிசி வருகிற வழி, உப்பு வருகிற வழி, குடிக்கிற தண்ணீர். ஒரு கோட்டையைச் சுற்றிக் கரை கட்டி, ஆற்றைத் திருப்பிவிட்டு, மழைக்காலத்தில் அதைத் தீவாக்கிவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டார்களாம். இன்னொரு கோட்டையில் முற்றுகைக்கு முன்னாலேயே ஊரிலிருக்கிற அரிசியை எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்களாம், உள்ளே புல்லைத் தின்றார்களாம். வெளியே இருக்கிற படை வேலி போட்டு, காவல் கூண்டு கட்டி, புகை உள்ளே போகிற மாதிரி சமைத்துச் சாப்பிடுமாம். பிறகு உள்ளேயிருக்கிற தளபதிகளுக்கு ஒவ்வொருத்தராகத் தூது போகும். உனக்கு நிலம் தருகிறேன், உன் பிள்ளைக்குப் பதவி தருகிறேன், எதற்கு அவனோடு சாகிறாய் என்று கேட்கும். மதில் இடிந்து விழுந்த கோட்டைகள் கொஞ்சம்தானாம். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்துப் பாய் காலியாக இருந்து, அப்படி விழுந்தவைதான் நிறைய.

எங்கள் சந்து முனையில் அண்ணனின் ஆட்கள் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அங்கே அண்டாவில் பிரியாணி இறங்கும். அந்த வாசனை நேராக எங்கள் சமையல்கட்டுக்கு வரும். எங்களிடமிருந்த டிரைவர்கள் முதலில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். பிறகு ஒருத்தர் நின்று பேசினார். பிறகு ஒருத்தருடைய துணிப்பையைக் காணவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வண்டி ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும், அந்தப் பக்கம் போனால் உடனே டர்ன் கிடைக்கும். கடைசியாகப் போனவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போய் வா, நல்லா இரு என்று இவரே இடுக்குவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் காசிமேட்டிலிருந்து மீன் அனுப்புவான். தார்ப்பாய்க்காரர்களில் ஒருவர் பையை இடுக்கு வழியாக நீட்டி, தங்கச்சிக்குக் கொடுக்கச் சொன்னார் என்பார். நான் பையை வாங்கி வந்து இவர் முன்னால் வைத்தேன், என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டே.

"மீன் இன்னா பாவம் பண்ணிச்சு, ஆஞ்சு கொழம்பு வை," என்றார். சங்கரா தலையை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, மச்சான் வாங்கினால் சோடை போகாது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

இதை டைரக்டரிடம் சொன்னேன், யார் என்று சொல்லாமல் அக்கம்பக்கத்துக் கதை மாதிரி. அவர் சந்தோஷமாகிவிட்டார். ஜப்பானிலும் அப்படி ஒரு கதை உண்டாம். கடல் இல்லாத மலைநாட்டுத் தலைவன் ஒருத்தனுக்கு மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து உப்பை நிறுத்திவிட்டார்களாம். அவனோடு வருஷக்கணக்காகப் போரிட்ட எதிரியே உப்பு அனுப்பி வைத்தானாம். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. உப்பு அனுப்பத் தெரிந்தவனுக்கு நேரில் வந்து இரண்டு வார்த்தை பேசத் தெரியாதா?

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அண்ணன் ஒரு தடவை என் வாசற்படி ஏறி உள்ளே வர வேண்டும். இவர் எதிரே உட்கார வேண்டும். யார் மன்னிப்புக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலும் அப்படித்தான், சண்டை போட்டால் போட்ட இடத்திலேயே சிரித்துவிடுவார்கள்.

நடுவில் ஒரு அசிங்கமும் நடந்தது. இவர் யார்டின் பின்சுவரில் ஒரு பக்கத்தை இடித்து, அந்தப் பக்கத்துக் காலிமனை வழியாக ஒரு வண்டியையாவது வெளியே கொண்டுபோகத் திட்டம் போட்டார். சுவரை இடிக்கப் போனபோது காலிமனையில் அண்ணனின் வண்டி ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. வீட்டிலிருந்துதான் செய்தி போயிருக்கும் என்று யாரோ இவர் காதில் ஓதியிருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னியா?" என்று கேட்டார். நான் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அந்த ஜப்பான்காரி உண்மையிலேயே அண்ணனுக்குச் சேதி அனுப்பியவள் என்று ஒரு கதை உண்டாம். இரண்டு முனையையும் கட்டின ஒரு பயறு மூட்டையை அனுப்பினாளாம், நீ இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டாய் என்று அர்த்தமாம். நான் ஒரு சேதியும் அனுப்பவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரே சேதிதான் இருந்தது, அதை அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இவர் மேலே வந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, கேட்டிருக்கக் கூடாது என்றார். ஆமாம், கேட்டிருக்கக் கூடாது என்றேன்.

எங்கள் பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கேட்காமல் அவளே ராயபுரத்துக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தாள். மாமா அவளுக்குச் சாப்பாடு போட்டு, தலையைத் தடவி, உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்கிறேன், உங்களோடு எனக்குச் சண்டையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தான். இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் புடவையைக்கூட மாற்றாமல் இறங்கிப் போனேன். அன்றைக்கு அண்ணன் தார்ப்பாய்க்கு வந்திருந்தான். நான் ட்ரெய்லருக்கு இந்தப் பக்கம் இடுக்கில் நின்றேன், அவன் அந்தப் பக்கம் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"வூட்டுக்கு வாண்ணே," என்றேன். "ரெண்டு நிமிசம் வந்து குந்திட்டுப் போ."

"நான் உள்ள கால் வெச்சேன்னு வையி, இவனுங்க அத்தினி பேரும் சிரிப்பானுங்க. தலீவரு மச்சான் வூட்டு வாசல்ல பூந்துட்டாருன்னுவானுங்க. சங்கம் அன்னிக்கே காலி." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ பொண்ணக் கூட்டிகினு நம்ம வூட்டுக்கு வந்துடு பாப்பா. உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு."

"நான் எங்க வர்றது? நீதானே என்ன இங்க அனுப்சே."

தார்ப்பாயிலிருந்து எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பி அவர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு நடந்து போய்விட்டான். அவன் யாருக்குத் தலைவன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு முகங்களின் அனுமதி இல்லாமல் அவனால் தங்கை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. படைத்தலைவர்கள் கதையும் அப்படித்தான் இருந்தது. தொடரில் அண்ணன்காரன் ஒவ்வொரு முறை கட்டளை போடும் முன்பும் தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்ப்பான். நடிகர் அதைச் சரியாகச் செய்திருந்தார்.

அந்த வாரம்தான் கோட்டை விழுகிற பகுதிக்குப் பேசினேன். புருஷன்காரன் அவளிடம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணனிடம் போய்விடு, உன்னை ஒன்றும் செய்ய மாட்டான் என்கிறான். அவள் போகிறாள். மலையிலிருந்து பல்லக்கில் இறங்குகிறாள், பின்னால் கோட்டை எரிகிறது. அண்ணனின் கூடாரத்துக்கு வந்து மண்டியிட்டு, "அண்ணா, வந்துவிட்டேன்," என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். எனக்கு அது வாயில் வரவில்லை. டேக் மேல் டேக் போனது. அழாதீர்கள், அவள் அழவில்லை என்று டைரக்டர் கத்தினார். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரமாக இருக்கிறது என்றேன். அந்த ஆத்திரத்தோடேயே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று கேட்டேன். அவளுக்கு இன்னொரு கல்யாணம் ஆகிறதாம், அண்ணனின் தளபதிகளில் ஒருத்தனோடு. அண்ணன் செத்த பிறகு அந்தப் புதுப் புருஷனின் கோட்டையையும் வேறொருத்தன் வந்து வளைக்கிறானாம். இந்தத் தடவை தன் மூன்று பெண்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, நான் ஒரு தடவை இறங்கிப் போனது போதும் என்று புருஷனோடு உள்ளேயே இருந்து செத்துப்போகிறாளாம். நல்ல காரியம் செய்தாள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் முகமே கண்ணில் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூரில் மழை என்றால் சாக்கடையும் சேர்ந்துதான் வரும், வீட்டைச் சுற்றி ஒரே கலீஜ். வெளியே தார்ப்பாயில் ஆட்கள் குறைந்தார்கள், ஆனால் ட்ரெய்லர்கள் நகரவில்லை. யார்டில் ஆளில்லாததால் இவர் பகலெல்லாம் அங்கேயே இருந்தார். ஒரு வண்டியின் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஓடாத ஸ்டியரிங்கில் கைவைத்துக்கொண்டு மழையைப் பார்ப்பார். சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். யார்டு ஓரத்தில் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருந்தோம். ஒவ்வொரு டயரிலும் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது, குனிந்து பார்த்தால் உள்ளே புழு நெளிந்தது. வழக்கமாக டிரைவர்கள்தான் அதையெல்லாம் கவிழ்த்து வைப்பார்கள். முற்றுகையில் வாளுக்குச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம் என்று டைரக்டர் சொன்னது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நானே அந்த டயர்களைக் கவிழ்த்திருப்பேன்.

காய்ச்சல் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டார். விட்டது, திரும்ப வந்தது. பிறகு ஒரு நாள் கேபினிலிருந்து இறங்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஈறில் ரத்தம். டெங்கு என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண் ஓடிப்போய்ச் சந்து முனையில் ஆட்டோவை நிறுத்தினாள். ஆனால் அது உள்ளே வர வழியில்லை, முழங்காலளவுத் தண்ணீரில் அவரை நடத்திக் கொண்டுபோகவும் முடியாது. தார்ப்பாயில் இருந்தவர்கள் போன் போட்டார்கள். எதிர்ப்பக்கம் என் அண்ணன் என்ன சொன்னான் என்று தெரியாது. அந்த ஆட்கள் இன்னொரு லாரியைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, ட்ரெய்லர்களில் ஒன்றைக் காற்றில்லாத டயரோடு தரதரவென்று இழுத்து நகர்த்தினார்கள். ஆட்டோ உள்ளே வந்தது. அவரை ஏற்றிவிட்டவர்கள் அண்ணனின் ஆட்கள்தான். இவர் கண்ணைத் திறந்து வழி திறந்திருப்பதைப் பார்த்தார்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் வந்துவிட்டான், ஆனால் வார்டுக்கு வரவில்லை. கீழே மரத்தடியில் தனியாக நின்றான். ஆட்கள் யாரையும் கூட்டிவரவில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இவரிடம் போய், அண்ணன் கீழே நிற்கிறது, கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு வோணாம். மூஞ்சியெல்லாம் முள்ளா கீது. நாளைக்கு ஷேவ் பண்ணிகினு மச்சானப் பாக்குறேன்."

நான் அதற்குமேல் கட்டாயப்படுத்தவில்லை. தோற்ற தலைவர்கள் எதிரியின் முன்னால் போகும்போது தலை வாரிக்கொண்டு, முடிக்கு வாசனைப் புகைகூடப் பிடித்துக்கொள்வார்கள் என்று தொடரில் வந்திருக்கிறது. வெட்டப்போகிற தலைக்கு வாசனை எதற்கு என்று அப்போது சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு அது புரிகிற மாதிரி இருந்தது. கீழே போய் அண்ணனிடம், நாளைக்கு வரச் சொன்னார் என்றேன். அவன் முகம் மலர்ந்துபோனது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, பெண்ணுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிவதற்குள் இவர் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சந்தில் ட்ரெய்லர்கள் இல்லை, தார்ப்பாய் இல்லை. எங்களை விட்டுப் போன டிரைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், சங்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். பந்தல் போட்டது அவர்கள், பறைக்குச் சொன்னது அவர்கள், மூலக்கொத்தளம் மயானத்தில் இடம் பார்த்து வந்தது அவர்கள். யார் யார் பக்கம் என்று தெரியவில்லை. குளிப்பாட்டும்போது நாவிதரிடம், நன்றாக வழித்துவிடுங்கள் என்று நானே சொன்னேன்.

எங்களில் புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணன் கையால் அந்தப் புதுப்புடவை என்மேல் விழாமல் பாடையை எடுக்க மாட்டார்கள். ஊரே அதற்காகக் காத்திருந்தது. அண்ணன் வந்தான். கையில் தட்டு, தட்டில் புடவை. சந்து முழுக்க நின்றிருந்த ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வாசற்படிவரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பின்னால் அவன் ஆட்கள். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் திரும்பி அவர்களைப் பார்க்கவும் இல்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான். பறை நின்றுவிட்டிருந்தது. யாரோ ஒரு பெரியவர், நேரமாகிறது, உள்ளே போப்பா என்று மெதுவாகச் சொன்னார். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"வாண்ணே," என்றேன். "அவரு உள்ளதான் கீறாரு."

அண்ணன் படியேறி உள்ளே வந்தான்.